சின்னக் கார், பெரிய எஞ்சின்: மிட்ஜெட் பந்தயம் மெலிந்த கதை

முதலில் இரண்டு எண்கள். எடை ஏறத்தாழ 400 கிலோ. வலு 300 முதல் 400 குதிரைவலு. எங்கட வீதிகளில் ஓடுகிற ஒரு அல்டோ 800 காரை நினைத்துப் பாருங்கோ: எடை 700 கிலோவுக்குக் கிட்ட, வலு 50 குதிரைவலுகூட இல்லை. அல்டோவின் எடையில் பாதிக்குச் சற்றுக் கூட, ஆனால் வலு ஆறேழு மடங்கு. இதுதான் மிட்ஜெட் கார். கூரை இல்லை, கதவு இல்லை, சாரதியைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு மட்டும். கால் மைல் களிமண் ஓடுதளம் ஒன்றில், வளைவுக்கு வளைவு பின்சில்லு வழுக்க வழுக்க, இருபதுக்கு மேற்பட்ட கார்கள் முட்டாத குறையாகச் சுற்றி வரும்.

அமெரிக்காவில் பிறந்த இந்த விளையாட்டுக்கு இப்போது 90 வயது தாண்டிவிட்டது. அதன் இரசிகர்கள் கனகாலமாகச் சொல்லிவருகிற ஒரு கதை இருக்கிறது: "ஒரு நல்ல எஞ்சின் வந்தது, அது எல்லாரையும் வென்றது, மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள், விளையாட்டு செத்தது." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விளையாட்டு மெலிந்ததற்குக் காரணம் தேடும்போது, அது கொழுத்திருந்த காலத்தையும் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தக் கதை பாதிதான் உண்மை. மற்றப் பாதி என்ன எண்டு பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பஞ்ச காலத்துப் பிள்ளை

1933. அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தத்தின் மிக மோசமான காலம். பெரிய பந்தயக் கார் கட்டக் காசில்லை, பெரிய ஓடுதளங்களைப் பராமரிக்கவும் ஆளில்லை. அந்த நேரத்தில்தான் கலிபோர்னியாவில் சிலர் சின்னக் கார்களைக் கட்டி, இருக்கிற விளையாட்டு மைதானங்களுக்குள்ளேயே ஓடத் தொடங்கினார்கள். ஒழுங்கமைக்கப்பட்ட முதலாவது மிட்ஜெட் பந்தயம் 1933 ஜூன் 4 அன்று நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு ஒகஸ்டில் லொஸ் ஏஞ்சல்சின் லொயோலா உயர்நிலைப் பாடசாலை மைதானத்தில் வாராவாரம் நடக்கிற பந்தயங்கள் ஆரம்பித்தன. ஆம், ஒரு பாடசாலை மைதானத்தில்தான்.

அந்தக் கார்களுக்குள் என்ன எஞ்சின் இருந்தது? கையில் கிடைத்தது எல்லாம். மோட்டார் சைக்கிள் எஞ்சின், படகின் பின்பக்கம் பூட்டுகிற எஞ்சின், பழைய கார்களிலிருந்து கழற்றின எஞ்சின். ஒருவருடைய காரைப் போல இன்னொருவருடைய கார் இராது. எது வெல்லும் எண்டு ஓடிப் பார்த்தால்தான் தெரியும். பார்வையாளர்களுக்கு அதுவே பெரிய சுவாரசியம்.

1934இல் இரண்டு விடயங்கள் நடந்தன. ஒன்று, லொஸ் ஏஞ்சல்சில் மிட்ஜெட் பந்தயத்துக்கென்றே கில்மோர் மைதானம் கட்டப்பட்டது. வியாழன் இரவுகளில் அங்கே ஹொலிவூட் நடிகர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மற்றது, ஒஃபன்ஹவுசர் எஞ்சின் வந்தது.

பிரெட் ஒஃபன்ஹவுசர், ஹரி மில்லர் என்ற புகழ்பெற்ற எஞ்சின் உருவாக்குநரிடம் வேலை செய்தவர். 1933இல் மில்லர் வங்குரோத்தானபோது, அந்த எஞ்சின் மரபைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மில்லரிடம் வரைஞராக இருந்த லியோ கூசன் வடிவமைக்க, மிட்ஜெட் கார்களுக்காக 97 கன அங்குல, அதாவது சுமார் 1.6 லீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை அவர் செய்தார். இரசிகர்கள் அதைச் செல்லமாக "ஒஃபி" என்றார்கள். அதன் விசேஷம் என்ன? வால்வுகளை இயக்குகிற இரண்டு கேம் தண்டுகளும் எஞ்சினின் தலைக்கு மேலேயே இருந்தன. தலையும் சிலிண்டர் பகுதியும் ஒரே வார்ப்பு. ஆகவே இரண்டுக்கும் நடுவில் வெடித்துப்போக ஒரு கேஸ்கெட்டே இல்லை. மற்றவர்கள் வேறு எதற்கோ செய்த எஞ்சினைப் பந்தயத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்தபோது, இது பந்தயத்துக்கென்றே பிறந்தது. மற்ற எஞ்சின்கள் அதற்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை.

இங்கேதான் கவனிக்கவேண்டும். அந்த வழமையான கதை சரியாக இருந்தால், விளையாட்டு 1934இலேயே செத்திருக்க வேண்டும். நடந்தது அதற்கு எதிர். அதே ஆண்டு டிசம்பரில் மிட்ஜெட் பந்தயம் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணுக்குப் போனது. 1937இல் நியூசிலாந்துக்குப் போனது. ஒஃபி வென்றுகொண்டே இருந்தது, கூட்டமும் கூடிக்கொண்டே இருந்தது.

கதவு யாருக்குத் திறந்தது?

"ஏழைகளின் பந்தயம்" எண்டு இதைப் புகழ்வதுண்டு. புகழ்ச்சிக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அன்று அமெரிக்காவின் பெரிய பந்தயங்களை நிர்வகித்த ஏ.ஏ.ஏ. அமைப்பு கறுப்பினத்தவர்களையும் பெண்களையும் போட்டியிட விடவில்லை. ராஜோ ஜாக் என்ற பெயரில் ஓடிய டூவி கேட்சன் என்ற கறுப்பினச் சாரதி, தானே கார் கட்டத் தெரிந்த கெட்டிக்காரர். ஆனால் இண்டியானாபொலிஸ் 500இல் ஓட அவருக்கு ஒருபோதும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஏ.ஏ.ஏ.க்கு வெளியே இருந்த பந்தயங்களில், மிட்ஜெட் உட்பட, அவர் ஓடினார். இண்டியானாபொலிஸ் 500இல் ஒரு கறுப்பினச் சாரதி முதன்முதலாக ஓடியது 1991இல், வில்லி ரிப்ஸ்.

இதை ஏன் சொல்கிறேன் எண்டால், மலிவான கார் தானாகவே நீதியைக் கொண்டுவந்துவிடாது. ஆனாலும் காரும் எஞ்சினும் மலிவாக இருந்ததால்தான், பெரிய அமைப்புகளின் பிடிக்கு வெளியே பந்தயம் நடத்த முடிந்தது. அந்த வெளியில்தான் ராஜோ ஜாக் போன்றவர்கள் ஓடினார்கள். விலை ஏறுகிறபோது முதலில் சுருங்குவது இந்த வெளிதான்.

போருக்குப் பின் வந்த வெள்ளம்

1942 ஜூலை இறுதியோடு அமெரிக்காவில் மோட்டார் பந்தயங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. இறப்பரும் எரிபொருளும் போருக்குத் தேவைப்பட்டன. 1945இல் தடை நீங்கியது. மூன்று வருடமாகப் பந்தயமே பார்க்காத மக்கள், இராணுவத்தில் எஞ்சின் திருத்தப் பழகி வீடு திரும்பிய இளைஞர்கள், கையில் கொஞ்சம் காசு. வேறென்ன வேண்டும்? 1946, 47 காலத்தில் மிட்ஜெட் பந்தயம் அதன் உச்சத்துக்குப் போனது. பல நகரங்களில் கிழமையின் எல்லா நாட்களிலும் எங்காவது ஒரு பந்தயம் இருந்தது. நல்ல சாரதி ஒருவர் இரவுக்கு இரவு ஊர் மாறி ஓடியே சீவிக்கலாம்.

பிராங்க் கேர்டிஸ் என்பவரின் கேர்டிஸ் கிராஃப்ட் நிறுவனம் அந்த நேரத்தில் மிட்ஜெட் கார்களை நூற்றுக்கணக்கில் செய்து விற்றது. முழுக் கார் வாங்க வசதியில்லாதவர்கள் பாகங்களைப் பொதியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். ஆக, நல்ல கார் வேண்டுமா, கேர்டிஸ். நல்ல எஞ்சின் வேண்டுமா, ஒஃபி. இரண்டும் சேர்ந்தால் வெற்றி. காசு இருந்தால்.

காசில்லாதவர்களுக்கு போர்ட் நிறுவனத்தின் வி-8 60 இருந்தது. 1937இல் சாதாரண வீதிக் கார்களுக்காக வந்த 60 குதிரைவலு எஞ்சின் அது. கொள்ளளவு 136 கன அங்குலம், ஒஃபியைவிடப் பெரியது. ஆனால் வால்வுகள் பக்கவாட்டில் இருக்கிற பழைய அமைப்பு. வீதிக் காருக்கு அதன் வலு போதவில்லை எண்டு வாடிக்கையாளர்கள் சலித்துக்கொண்டார்கள். மிட்ஜெட்காரருக்கு அது வரப்பிரசாதம். பழைய கார் விற்கிற இடத்தில் கிடைக்கும், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், உடைந்தால் ஊர்க் கராஜிலேயே திருத்தலாம்.

பல சங்கங்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை, ஒஃபியைத் தங்கள் பந்தயங்களில் தடுத்தது. ஒஃபிக்கு ஒரு அரங்கு, போர்டுக்கு இன்னொரு அரங்கு. வசதியுள்ளவன் அங்கே, வசதியில்லாதவன் இங்கே, இரண்டு இடத்திலும் நல்ல போட்டி. ஒஃபி அவ்வளவு காலம் ஆதிக்கம் செலுத்தியும் விளையாட்டு சாகாததற்கு இதுதான் முக்கியமான காரணம் எண்டு நான் நினைக்கிறேன். தோற்கிறவனுக்குப் போக இன்னொரு இடம் இருந்தது.

இந்த இரண்டு உலகமும் மோதிய ஒரு இரவும் உண்டு. 1950 ஒகஸ்டில் கில்மோர் மைதானத்தில், விக் எடல்புரொக் தயாரித்த வி-8 60 காரில் ரொட்ஜர் வார்ட் ஒஃபிகளை வென்றார். மறுநாள் இரவு சான் பெர்னார்டினோவின் ஒரேஞ்ச் ஷோ மைதானத்தில் திரும்பவும் வென்றார். இரகசியம் எரிபொருளில் இருந்தது: நைட்ரோமீதேன். அது தனக்குள்ளேயே ஒட்சிசனை வைத்திருக்கிற திரவம். ஆகவே எஞ்சின் இழுக்கிற அதே அளவு காற்றுக்குள் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், கூடுதல் வலு எடுக்கலாம். இரசாயனம் தெரிந்தவன், காசு தெரிந்தவனை இரண்டு இரவுகளாவது வென்றுவிட்டான்.

வெள்ளம் வடிந்தது

ஆனால் அந்த வெற்றி வந்தபோது வீடு ஏற்கனவே பற்றியெரிந்துகொண்டிருந்தது. 1948க்குப் பிறகே பார்வையாளர் தொகை குறையத் தொடங்கியிருந்தது. காரணங்கள் பல. அளவுக்கு மிஞ்சி நடந்த பந்தயங்கள் சலிப்பூட்டின. ஒரே மாதிரிக் கார்கள், ஒரே மாதிரிச் சத்தம், திரும்பத் திரும்ப அதே ஆட்கள் வெல்கிறார்கள். 1948இல் நாஸ்கார் உருவானது. அங்கே ஓடியவை தாங்கள் வீட்டில் வைத்திருக்கிற கார்களைப் போலவே இருந்ததால் மக்களுக்குப் பிடித்துப்போனது. எல்லாவற்றுக்கும் மேலே தொலைக்காட்சி. இரவில் வீட்டில் இருந்தே படம் பார்க்கலாம் என்றால், தூசி குடிக்க ஆர் போவது?

தொலைக்காட்சி மிட்ஜெட்டை விழுங்கியது என்பது இங்கே வெறும் உவமை இல்லை. கில்மோர் மைதானம் 1950களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, அதே நிலத்தில் 1952இல் சி.பி.எஸ். நிறுவனத்தின் தொலைக்காட்சிக் கலையகம் திறக்கப்பட்டது. மிட்ஜெட் பந்தயத்துக்கென்று கட்டப்பட்ட மைதானத்துக்கு மேலே தொலைக்காட்சி வந்து குந்தியது. இங்கே எஞ்சினைக் குற்றம் சொல்ல முடியுமா? நகரம் வளர்ந்தது, நிலத்தின் விலை ஏறியது, ஓடுதளம் போனது. ஓடுதளம் போனால் எந்த எஞ்சின் இருந்தும் என்ன?

1955இல் பிரான்சின் லு மோன் பந்தயத்தில் 80க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்குப் பிறகு ஏ.ஏ.ஏ. பந்தய நிர்வாகத்திலிருந்தே விலகியது. 1956இலிருந்து யூ.எஸ்.ஏ.சி. என்ற புதிய அமைப்பு பொறுப்பெடுத்தது. தேசிய மிட்ஜெட் தொடரை இன்றும் நடத்துவது அதுதான்.

இறங்குகாலத்திலும் ஒரு அழகான அத்தியாயம் உண்டு. 1959 ஜூலையில், அதே ரொட்ஜர் வார்ட், லைம் ரொக் என்ற வீதிவகை ஓடுதளத்தில் ஒரு ஒஃபி மிட்ஜெட்டைக் கொண்டுபோய் அஸ்டன் மார்டின், மசராட்டி போன்ற விலையுயர்ந்த கார்களை வென்றார். அந்த உற்சாகத்தில் டிசம்பரில் செப்ரிங்கில் நடந்த போர்முலா வன் பந்தயத்துக்கும் மிட்ஜெட்டோடு போனார். அங்கே பருப்பு வேகவில்லை. தகுதிச் சுற்றில் கடைசி இடம், பந்தயத்தில் கிளச் பழுதாகி நின்றார். நியூசிலாந்தின் புரூஸ் மக்லாரன் 22 வயதில் வென்ற பந்தயம் அது. எரிபொருள் முடிந்த காரைத் தள்ளிக்கொண்டு நான்காவதாகக் கோட்டைக் கடந்து உலகச் சாம்பியனானவர் ஜாக் பிரபாம். அவர் பந்தயம் பழகியது எங்கே எண்டு நினைக்கிறீங்கள்? சிட்னியின் மிட்ஜெட் ஓடுதளங்களில், மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டின காரில். ஆக, அன்று மிட்ஜெட் கார் தோற்றது, மிட்ஜெட் பள்ளிக்கூடம் வென்றது.

கராஜின் மீள்வருகை

1960களிலும் 70களிலும் ஒஃபிக்கு மெல்ல வயது போனது. பெரிய ஒஃபி எஞ்சின்கள் இண்டியானாபொலிஸ் 500ஐ மொத்தம் 27 தடவை வென்றன, கடைசியாக 1976இல். மிட்ஜெட்டில் அதன் இடத்தைப் பிடித்தவை மீண்டும் வீதிக் கார் எஞ்சின்கள்தான். 1962இல் வந்த செவி டூ காரின் 153 கன அங்குல நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று. அதன் பிறகு, காற்றால் குளிர்கிற வோக்ஸ்வாகன் எஞ்சின். ஆமாம், கொழும்பு வீதிகளிலும் எங்கட ஊர்களிலும் ஒரு காலத்தில் "ஆமைக் கார்" என்று ஓடித் திரிந்த அதே வோக்ஸ்வாகன் வம்சம். தண்ணீரும் ரேடியேட்டரும் தேவையில்லை என்பதால் எடை குறைவு. மிட்ஜெட்டுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தக் காலத்தின் முகம் மெல் கென்யன். 1965இல் ஒரு தீ விபத்தில் இடக்கையின் விரல்களைப் பெரும்பாலும் இழந்தவர். கையுறை ஒன்றில் கொளுவி பூட்டி, அதை ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டு திரும்ப ஓடினார். 1964, 1967, 1974, 1985 என நான்கு தடவை தேசிய மிட்ஜெட் சாம்பியன். முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவில் 21 வருடம். எஞ்சின்கள் மாறின, ஆள் மாறவில்லை.

1980களின் இறுதியிலும் 90களிலும் முன்பு கழுத்தை நெரித்த தொலைக்காட்சியே கைகொடுத்தது. ஈ.எஸ்.பி.என். அலைவரிசையில் வியாழன் இரவுகளில் மிட்ஜெட் பந்தயம் நேரடியாகப் போனது. 1990இன் தேசிய சாம்பியன் ஜெஃப் கோர்டன், 1995இல் யூ.எஸ்.ஏ.சி.யின் மூன்று தேசியப் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற டோனி ஸ்டுவர்ட், இருவரும் பின்னர் நாஸ்காரின் பெரிய நட்சத்திரங்கள். ஆனால் இதிலேயே ஒரு வினையும் விளைந்தது. மிட்ஜெட் என்பது ஓடி வாழ்கிற இடமாக இல்லாமல், ஏறிப் போகிற ஏணியாக மாறியது.

ஏணியின் விலை

ஏணி என்றால் அதற்குக் காசு போட ஆள் வரும். 2000களில் டொயோட்டாவின் பந்தயப் பிரிவு மிட்ஜெட்டுக்குள் வந்தது. அதற்கு நல்ல எஞ்சினும் வேண்டும், நாளைய நாஸ்கார் சாரதிகளும் வேண்டும். விளைவு? ஒவ்வொரு ஜனவரியும் ஒக்லஹோமாவின் துல்சாவில், ஒரு கண்காட்சி மண்டபத்துக்குள் மண் கொட்டி நடத்துகிற சில்லி போல் பந்தயத்தை எடுங்கோ. 2015 முதல் 2019 வரை ஐந்து வருடமும் வென்றது ஒரே அணி, டொயோட்டா எஞ்சினோடு. சாரதிகள் ரிக்கோ அப்ரேயு இரண்டு தடவை, கிறிஸ்டோபர் பெல் மூன்று தடவை.

1987இல் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு இப்போது 300க்கு மேற்பட்ட கார்கள் வருகின்றன. பல வருடமாக வெற்றியாளருக்குக் கிடைத்த பரிசு 10,000 டொலர்தான். வெல்லக்கூடிய ஒரு புது எஞ்சினின் விலை அதைப்போலப் பல மடங்கு. அதாவது வென்றாலும் நட்டம். இப்படி ஒரு கணக்கு யாருக்கு ஒத்துவரும்? பின்னால் ஒரு நிறுவனமோ, பணக்கார அப்பாவோ இருக்கிறவர்களுக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கோ. துல்சாவுக்கு 300 கார் வருகிறது, ஆனால் வழமையான பந்தய இரவொன்றுக்கு வருவது அதில் ஒரு சிறு பங்கு. அப்போ கார் இல்லாமல் இல்லை. கராஜில் இருக்கிறது, வெளியே வரவில்லை. வாங்குகிற விலையைவிட ஓட்டுகிற செலவுதான் ஆளைக் கொல்கிறது. இந்த எஞ்சின்கள் உச்ச வேகத்தில் சுழலவென்று இறுக்கிச் செய்யப்பட்டவை. குறித்த அளவு ஓட்டத்துக்குப் பிறகு கழற்றிப் புதுப்பிக்காவிட்டால் வெடித்துப்போகும். வி-8 60போல ஊர்க் கராஜில் திருத்த முடியாது. வருடத்தில் ஒரு கிழமைக்கு அந்தச் செலவைத் தாங்கலாம். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் தாங்கேலாது.

செலவு காசில் மட்டும் இல்லை. 2016 ஒகஸ்டில் கன்சாசின் பெல்வில் அரை மைல் ஓடுதளத்தில் பிரையன் க்ளோசன் விபத்துக்குள்ளாகி இறந்தார். வயது 27. அந்த ஆண்டு மே மாதம் இண்டியானாபொலிஸ் 500இல் சில சுற்றுகள் முன்னிலையில் ஓடியவர். அவரது உறுப்புகள் தானமாகக் கொடுக்கப்பட்டன. 400 கிலோ காருக்கு எவ்வளவு வலு போதும் என்ற கேள்வி, வெறும் போட்டிக் கேள்வி அல்ல.

அப்போ, எஞ்சினா காரணம்?

திரும்பத் தொடக்கக் கேள்விக்கு வருவோம். 1934இல் ஒரு எஞ்சின் ஆதிக்கம் செலுத்தியது, விளையாட்டு வளர்ந்தது. 2015இல் ஒரு எஞ்சின் ஆதிக்கம் செலுத்தியது, விளையாட்டு மெலிந்தது. வித்தியாசம் எஞ்சினில் இல்லை, எஞ்சினுக்குக் கீழே என்ன இருந்தது என்பதில்தான். அன்று ஒஃபிக்குக் கீழே வி-8 60 இருந்தது. தோற்றவனும் அடுத்த கிழமை ஓடினான்.

இன்று அந்தக் கீழ்ப்படி இல்லையா எண்டால், இருக்கிறது, ஆனால் மிட்ஜெட் என்ற பெயரில் இல்லை. 600 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டின மைக்ரோ ஸ்பிரின்ட் கார்கள் துல்சாவின் அதே மண்டபத்துக்கு, அதே குளிர்காலத்தில், பல வகுப்புகளிலுமாக ஆயிரத்துக்கும் மேல் வருகின்றன. மோட்டார் சைக்கிள் எஞ்சினில் தொடங்கிய கதை, சுற்றிவந்து மோட்டார் சைக்கிள் எஞ்சினிலேயே நிற்கிறது. மிட்ஜெட் அமைப்புகளும் சும்மா இருக்கவில்லை. 2000களில் போர்ட் போகஸ் காரின் எஞ்சினை மட்டும் அனுமதிக்கிற மலிவுத் தொடர் ஒன்று நடந்தது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றால் செலவு குறையும் என்பது நியாயம். ஆனால் மூளையைப் பாவித்து எஞ்சின் செய்கிற விக் எடல்புரொக்குகளுக்கு அங்கே வேலை இல்லை. விதியெழுதுகிறவர் நடக்கவேண்டிய கயிறு இது: ஒரு பக்கம் காசு வெல்லும், மறுபக்கம் கெட்டித்தனத்துக்கு இடமில்லாமல் போகும்.

நிறுவனப் பணத்தை முழுக்க வில்லனாக்கவும் எனக்கு மனமில்லை. 2022இல் எக்ஸ்ட்ரீம் அவுட்லோ என்ற இன்னொரு தேசிய மிட்ஜெட் தொடர் தொடங்கியது. இருக்கிற கொஞ்சக் கார்களையும் அது பங்குபோட்டது எண்டு சொல்லலாம். ஆனால் 2023இல் அதில் சாம்பியனானவர் ஜேட் அவெடிசியன் என்ற பதின்ம வயதுப் பெண். தேசிய அளவிலான ஒரு மிட்ஜெட் பட்டத்தை வென்ற முதல் பெண் அவர். ஓடியது டொயோட்டா எஞ்சின் பூட்டின காரில். ஒரு காலத்தில் பெண்ணுக்கு அனுமதியே இல்லாத விளையாட்டில், பெரிய நிறுவனத்தின் திட்டம் ஒரு பெண்ணை மேலே ஏற்றியிருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் தேர்ந்தெடுப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைத்தான். தெரிவாகாத மற்றப் பிள்ளைகள் எந்த எஞ்சினோடு, எந்த ஓடுதளத்தில் ஓடுவது?

விஸ்கொன்சினில் 1936 முதல் இயங்குகிற பட்ஜர் மிட்ஜெட் சங்கம் இன்னும் இருக்கிறது. உலகின் மிகப் பழைய மிட்ஜெட் அமைப்பு அதுதான். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குத் தேவையான சாரதி கிடைத்ததும் போய்விடும். எந்த விளையாட்டையும் தாங்கி நிற்பது, வெல்ல மாட்டேன் எண்டு தெரிந்தும் அடுத்த சனிக்கிழமை காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற ஆள். அந்த ஆளுக்குக் கட்டுப்படியாகிற எஞ்சின் எது என்ற கேள்விக்கு 1937இல் ஒரு விடை இருந்தது. இன்றைக்கும் ஒரு விடை கண்டால் அந்தக் கராஜ்களின் கதவு திறக்கும்.